மணிக்கு இருபத்தைந்து

கழுகுமலை ரோட்டில் ஒருநாள் காலை என்னை ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் முந்திப் போனது. ஓட்டியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பின்னால் அவர் மனைவி. இருவருக்கும் நடுவில் ஒரு ஆட்டுக்குட்டி. கால் வைக்கும் இடத்தில் புல்லுக்கட்டு. நான் ஓட்டிக்கொண்டிருந்தது நாற்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய எலெக்ட்ரிக் மவுண்டன் பைக். முன்னால் ஷாக் அப்சார்பர், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், தண்ணீர் பாட்டிலுக்குத் தனி இடம். தாண்டும்போது அந்த அம்மா திரும்பிப் பார்த்து, "பேட்டரி சைக்கிளா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "மெதுவாத்தான் போகும்போல" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனார்.

2020 ஊரடங்கில் சென்னையிலிருந்து கோவில்பட்டிக்கு மூட்டை கட்டி வந்தவன் நான். கம்பெனி திரும்பக் கூப்பிடவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. உட்கார்ந்தே வேலை பார்த்து எடை கூடியதும் சைக்கிள் யோசனை வந்தது. மலையே இல்லாத ஊருக்கு மவுண்டன் பைக் எதுக்குல என்று அண்ணன் சிரித்தான். கரிசலில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும், அகலமான டயரும் மட்காடு இல்லாத சக்கரமும் எதற்கென்று. மழை பெய்துவிட்டால் இந்த மண் சக்கரத்துக்கும் மட்காடுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு வண்டியை ஒரு அடி நகரவிடாது. தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதிய அப்பா, ஐப்பசி மாதத்தில் வேலிக்கருவைக் குச்சியால் மண்ணை நோண்டி நோண்டி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

வண்டி நல்ல வண்டிதான். பெடலை மிதித்தால் பின்சக்கர மோட்டார் கூடவே தள்ளும். யாரோ கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவதுபோல் இருக்கும். ஆனால் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் அந்த ஆள் கையை விட்டுவிடுவார். அதற்குமேல் போக வேண்டுமானால் இருபத்துச் சொச்சம் கிலோ வண்டியை முழுக்க முழுக்க நம் காலால் இழுக்க வேண்டும். ஆடிக்காற்றில் மேற்கே போகும்போது இது தெரியாது. செங்கோட்டைக் கணவாய் வழியே வந்து கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றுகிற அந்தக் காற்றுக்கு எதிராக 25ஐத் தொடவே முடியாது. காற்றில்லாத மாதங்களில், நேரான தார்ரோட்டில்தான் அந்தச் சுவர் முகத்தில் அடிக்கும்.

ஆட்டுக்குட்டி என்னை முந்திப்போன அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். விஷயம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பின்சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றில் சின்னக் காந்தம் இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு சென்சார். காந்தம் ஒருமுறை கடந்தால் சக்கரம் ஒருமுறை சுற்றியதாகக் கணக்கு. சக்கரத்தின் சுற்றளவு கண்ட்ரோலருக்குத் தெரியும். சுற்றையும் நேரத்தையும் வைத்து வேகத்தைக் கணக்கிட்டு, 25 வந்ததும் மோட்டாரை நிறுத்துகிறது. ஆக அத்தனை பெரிய சுவரும் ஒரு காந்தமும் ஒரு எண்ணும்தான். சில ஊர்களில் அந்தக் காந்தத்தைக் கழற்றி மெதுவாகச் சுற்றும் பெடல் பக்கம் மாட்டிவிடுகிறார்கள். சிலர் வரும் சிக்னலில் பாதியை விழுங்கிவிடும் ஒரு சின்னப் பெட்டியை நடுவில் சொருகுகிறார்கள். நம் ஊர்களில் ஓடும் குறைவேக பேட்டரி ஸ்கூட்டர்களில் பல மாடல்களில் இதற்கென்றே ஒரு ஒயர் இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் வேலை முடிந்தது.

எனக்கு ஸ்பேனர்கூடத் தேவைப்படவில்லை. டிஸ்ப்ளேயில் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால் ஒளிந்திருந்த மெனு திறந்தது. சக்கர அளவு 27.5 இஞ்ச் என்று இருந்ததை 20 என்று மாற்றினேன். இப்போது என் வண்டி தன்னைச் சின்னப்பிள்ளை சைக்கிள் என்று நினைத்துக்கொண்டது. அதன் கணக்கில் 25 என்றால் ரோட்டில் நிஜமாகப் போவது 34. மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எவருக்கும் ஒரு மாறிலியை மாற்றுவது குற்றமாகத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. அடுத்த வாரம் ஒரு எக்ஸ்எல்லை முந்தினேன். மீட்டர் 25 என்றே காட்டிக்கொண்டிருந்தது.

*

இந்த 25 எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பிறகு யோசிக்க வேண்டி வந்தது. தேடப்போனால் அது நூற்றைம்பது வருடக் கதையாக நீண்டது.

ரோட்டில் ஓடும் இயந்திரத்துக்கு எண்ணில் எல்லை வைத்த பழைய சட்டங்களில் பெயர்பெற்றது இங்கிலாந்தின் 1865ஆம் ஆண்டுச் சட்டம். கிராமத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல். அறுபது கஜம் முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடி பிடித்துக்கொண்டு நடந்துபோக வேண்டும். நீராவி வண்டிகளுக்காக எழுதப்பட்டது, பெட்ரோல் கார் வந்தபிறகும் தொடர்ந்தது. 1896 ஜனவரியில் கென்ட் பகுதியில் வால்டர் ஆர்னால்ட் என்பவர் 2 மைல் போக வேண்டிய இடத்தில் 8 மைல் போய்ப் பிடிபட்டார். வேகமாக ஓட்டியதற்காக அபராதம் கட்டிய முதல் மோட்டார்க்காரர் என்று அவரைச் சொல்கிறார்கள். துரத்திப் பிடித்த போலீஸ்காரர் வந்தது சைக்கிளில். அந்தக் காலத்தில் ரோட்டில் வேகமானவன் சைக்கிள்காரன்தான்.

சைக்கிளுக்கு மோட்டார் வைக்கும் ஆசையும் கிட்டத்தட்ட அதே வயது. 1895 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் மின்சார சைக்கிளுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த வரைபடத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பின்சக்கரத்தின் குடத்துக்குள் மோட்டார், சட்டத்துக்கு நடுவில் பேட்டரி. என் வண்டியில் இருக்கும் அதே ஏற்பாடு. பேட்டரி மட்டும் கனமாக இருந்ததால் அது காத்திருக்க வேண்டியதாயிற்று. நடுவில் ஐம்பது அறுபது வருடம் பெட்ரோல் எடுத்துக்கொண்டது.

இரண்டாம் உலகப்போர் முடிந்த ஜப்பானில் ரயிலில் இடமில்லை, பஸ் இல்லை, எல்லாரிடமும் பழைய சைக்கிள் இருந்தது. 1946இல் ஹமாமட்சு நகரில் சொய்சிரோ ஹோண்டாவுக்கு ராணுவம் விட்டுப்போன சின்ன எஞ்சின்கள் கிடைத்தன. வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் எடுப்பதற்காகச் செய்தவை. ஒன்றைச் சைக்கிளில் மாட்டி, படுக்கையில் கால் சூட்டுக்கு வைக்கும் வெந்நீர்க் குடுவையை பெட்ரோல் டேங்க் ஆக்கினார். முதலில் ஓட்டிப் பார்த்தவர்களில் ஒருவர் அவர் மனைவி. சுமார் ஐந்நூறு எஞ்சின்களும் தீர்ந்துபோனபின் சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தார்கள். இன்று ரோட்டில் பார்க்கும் ஹோண்டா வண்டிகளின் கதை இந்த மாற்றிக்கட்டிய சைக்கிளில்தான் தொடங்குகிறது.

நம் பக்கம் அந்த வேலையைச் செய்தது மொபெட். 1972இல் புனேயிலிருந்து கைனெடிக் லூனா வந்தது. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50. பெடலும் உண்டு, 50 சிசி எஞ்சினும் உண்டு, இரண்டு பேர் உட்காரலாம். கரிசல் காட்டில் அது செய்த வேலையைப் புள்ளிவிவரத்தில் தேடவேண்டாம், கண்ணை மூடினால் போதும். பால் கேன், தண்ணீர்க் குடம், மிளகாய் மூட்டை, தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பண்டல், நடக்க முடியாத அப்பத்தா என்று சைக்கிள் சுமந்த எல்லாவற்றையும் அது வாங்கிக்கொண்டது. சட்டமும் அதற்குத் தனி மரியாதை கொடுத்தது. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி 50 சிசி வரையிலான வண்டிக்குப் பதினாறு வயதிலேயே லைசென்ஸ் வாங்கலாம்.

அதே சட்டத்தில் இன்னொரு பொந்து உண்டு. நாலு சக்கரத்துக்குக் குறைவான, எஞ்சின் 25 சிசிக்கு மேற்படாத வண்டி மோட்டார் வாகனமே இல்லை. சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் கிடக்கிற இந்த ஒற்றையடிப் பாதைக்கென்றே நம் ஊரில் வண்டி செய்தார்கள். புல்லட் செய்த என்ஃபீல்ட் கம்பெனி எண்பதுகளில் ராணிப்பேட்டையில் இருபத்துச் சொச்சம் சிசியில் ஒரு பொடி வண்டி தயாரித்தது. பெயர் மோஃபா.

அந்தப் பெயர் ஜெர்மன் மொழிப் பெயர். மோட்டார், ஃபாராட் (சைக்கிள்) இரண்டையும் சுருக்கிச் சேர்த்தது. 1965இல் மேற்கு ஜெர்மனி மோஃபா என்று ஒரு வண்டி வகையையே சட்டத்தில் உண்டாக்கியது. அதன் எல்லை மணிக்கு 25 கிலோமீட்டர். லைசென்ஸ் வேண்டாம். சைக்கிள் மாதிரிப் போகிறவரை சைக்கிள் மாதிரி நடத்துகிறோம் என்று அரசாங்கம் பையன்களிடம் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. பையன்கள் அதை மதித்த விதம் நமக்குப் பழக்கமானதுதான். காற்றுக்குழாயில் இருந்த அடைப்பைப் பிடுங்கினார்கள், புகைக்குழாயைக் குடைந்தார்கள், செயின் பல்சக்கரத்தை மாற்றினார்கள். இந்த வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் ஃப்ரிசியரன், முடி அலங்காரம் செய்வது. போலீஸ் பதிலுக்கு உருளைகள் வைத்த மேடையைத் தூக்கிக்கொண்டு வந்தது. வண்டியை அதன்மேல் ஏற்றி ஆக்சிலேட்டரைத் திருகச் சொன்னால் அலங்காரம் கலைந்துவிடும்.

மின்சாரம் திரும்பி வந்தபோது கூடவே அதே பேரமும் வந்தது. 1993இல் ஜப்பானில் யமஹா பாஸ் என்ற சைக்கிளை இறக்கியது. மிதித்தால் மட்டும் மோட்டார் தள்ளும். 15 கிலோமீட்டர் வரை நம் காலுக்குச் சமமாக, அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, 24இல் பூஜ்ஜியம். 'இது சைக்கிள்தான்' என்று அரசாங்கத்தை நம்பவைக்க வேண்டியிருந்ததால் பிறந்த வடிவம் இது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரே வாக்கியத்தில் எழுதி முடித்தது: கால் கிலோவாட்டுக்கு மிகாத மோட்டார், வேகம் கூடக்கூடக் குறைந்து 25இல் நின்றுவிட வேண்டும், மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்பே நின்றுவிட வேண்டும். நம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பேட்டரி வண்டி பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள். கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை அதே வாக்கியம். கூடவே நல்ல பிரேக் வேண்டும், முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டர், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் வேண்டும். இதெல்லாம் இருந்து, விதி சொல்கிற பரிசோதனை நிலையம் ஒன்று சான்று கொடுத்துவிட்டால் அது மோட்டார் வாகனம் இல்லை. நம்பர் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம்.

ஜெர்மன் பையன்களுக்காகப் பேசிய அதே எண், பிரஸ்ஸல்ஸ் வழியாக, என் டிஸ்ப்ளேயின் ஒளிந்த மெனுவுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. நான் அதைப் பட்டன் அழுத்தி ஏமாற்றியிருந்தேன்.

*

2023 மாசி. மிளகாய்ப் பழம் பறிக்கும் சமயம். சாயங்காலம் மீட்டிங் முடிந்து மேற்கே கிளம்பினேன். கழுகுமலை மெயின்ரோட்டிலிருந்து பிரிந்து போகும் ஒற்றை ரோடு. இரண்டு பக்கமும் வெடித்த கரிசல், தூரத்தில் ஒரு புளியமரம். சூரியன் நேர் எதிரே கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மீட்டரில் 25.

பாட்டி தலையில் ஒரு சாக்குப் பையோடு இடதுபக்கக் காட்டிலிருந்து ஏறி ரோட்டைக் கடந்தார். வெயில் கூசியதில் நான் அவரைப் பார்த்தபோது பதினைந்து மீட்டர்கூட இருக்காது. பிரேக்கைப் பிடித்தேன், ஹேண்டிலை ஒடித்தேன். வண்டி மண்ணில் இறங்கிச் சாய்ந்தது. விழுவதற்கு முன் ஹேண்டில் முனை அவர் இடுப்பில் பட்டிருக்க வேண்டும். நான் எழுந்து பார்த்தபோது அவர் ரோட்டில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சிவப்பாக மிளகாய் சிதறிக் கிடந்தது. வலது கை மணிக்கட்டை இடது கையால் பிடித்திருந்தார்.

"ஒன்னப் பாத்தேன்யா" என்றார். "சைக்கிள்தான வருது, அதுக்குள்ள கடந்துருவோம்னுதான் எறங்குனேன்."

திட்டவில்லை. கணக்கு எங்கே தப்பியது என்று எனக்கு விளக்கிச் சொல்வதுபோல் சொன்னார்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மணிக்கட்டில் எலும்பு முறிவு. சீட்டு எழுதியவர், "என்ன வண்டி இடிச்சது? சைக்கிளா, பைக்கா?" என்று கேட்டார். நான் சைக்கிள் என்றேன். யோசிக்காமல் வந்த பதில். அந்த வார்த்தையைச் சொல்லி முடித்ததும் வயிற்றுக்குள் என்னவோ செய்தது.

ஒரு மணி நேரத்தில் பாட்டியின் மகன் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மில் யூனிஃபார்மோடு அப்படியே வந்திருந்தார்.

"வண்டி நம்பர் என்னது?"

"நம்பர் இல்லண்ணே. பேட்டரி சைக்கிள்."

"சைக்கிள் இடிச்சா இப்பிடியா ஒடியும்?"

நான் பேசாமல் நின்றேன். அவர் கத்தவில்லை. "நம்பர் இருந்தா இன்சூரன்ஸ்ல கேக்கலாம். கோர்ட்டுக்குப் போனாலும் ஒரு வழி இருக்கு. சைக்கிள்காரன்ட்ட என்னத்தக் கேக்க?" என்றார். கோபத்தைவிட அலுப்புதான் அதில் இருந்தது.

செலவை ஏற்றுக்கொண்டேன், ஆறு வாரக் கூலியையும் கொடுத்தேன். மூன்றாவது நாள் அவர் வீட்டுக்குப் போய், வண்டியில் நான் செய்திருந்ததைச் சொன்னேன். சக்கர அளவு, காந்தம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப அது மோட்டார் வண்டிதான?" என்றார். ஆமாம் என்றேன். நூற்றைம்பது வருடச் சட்டத்தின் சாரத்தை அவர் ஒரே கேள்வியில் கேட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் சொல்லத் தெரியாத பதிலை மூன்று நாள் கழித்து அவர் வீட்டுத் திண்ணையில் சொன்னேன்.

*

பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்ணைப் பற்றி அதற்குப் பிறகுதான் படித்தேன். 1896 ஆகஸ்ட் 17, லண்டன் கிரிஸ்டல் பேலஸ் வளாகம். நாற்பத்து நாலு வயது. மகளோடும் ஒரு தோழியோடும் விழா பார்க்க வந்தவர். அங்கே ஒரு கம்பெனி புதிதாக வந்த மோட்டார் காரில் ஜனங்களை ஏற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தது. அது இடித்து அவர் இறந்தார். பிரிட்டனில் கார் இடித்து இறந்த முதல் பாதசாரி என்று வரலாறு அவரைக் குறித்து வைத்திருக்கிறது.

விசாரணையில் வந்த ஒரு சாட்சியம்தான் என்னை நிறுத்தியது. அந்தக் கார் மணிக்கு 8 மைல் வரை போகக்கூடியது. வேண்டுமென்றே 4 மைலுக்குக் கட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள். ஓட்டிய ஆர்தர் எட்சல், நாலு மைலில்தான் போனேன் என்றார். காரில் பயணம் செய்த ஒரு பெண், கார் கூடுதல் வேகம் போக அவர் எஞ்சினில் ஏதோ மாற்றினார் என்று குற்றம் சாட்டினார். வண்டியைச் சோதித்த இன்னொரு ஓட்டுநர், இருக்கிற பெல்ட்டை வைத்து நாலரை மைலுக்கு மேல் போகவே முடியாது என்றார். விபத்து என்று தீர்ப்பானது. இப்படி ஒன்று இனி நடக்கக்கூடாது என்று விசாரணை அதிகாரி விருப்பம் தெரிவித்தார். ஆக, பிரிட்டனின் முதல் பாதசாரி மரண விசாரணையிலேயே எழுந்த கேள்வி இது: வேகக் கட்டுப்பாட்டை யாராவது கழற்றினார்களா?

மூன்று மாதம் கழித்து சிவப்புக்கொடிக் காலம் முடிந்தது. புதிய சட்டம் எல்லையை 14 மைலாக உயர்த்தியது. கிலோமீட்டரில் சொன்னால் 22.5.

நான் என் பங்குக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாட்டி என்னைப் பார்த்தது அறுபது மீட்டர் தூரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் போகும். அது அவரை வந்தடைய பதினாலு நொடிக்கு மேல் ஆகும். தலைச்சுமையோடு ஒற்றை ரோட்டைக் கடக்க அவருக்கு ஆறு, ஆறரை நொடி. நிதானமாகவே கடந்துவிடலாம். 25இல் போகும் வண்டிக்கு எட்டரை நொடி, அப்போதும் தப்பித்துவிடுவார். 34இல் ஆறு நொடிச் சில்லறைதான். அவர் நடு ரோட்டில் இருக்கும்போது நான் அங்கே இருப்பேன். இருந்தேன்.

பிரேக் கணக்கும் அப்படியே. வேகம் ஒன்றரை மடங்குகூடக் கூடவில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. 25இலிருந்து 34 என்றால் ஏறத்தாழ 1.85 மடங்கு. ஆபத்தை உணர்ந்து கை பிரேக்கை அழுத்த ஒரு நொடி, பிறகு சுமாரான பிடிப்பு என்று வைத்தால், 25இல் வண்டி நிற்க 13 மீட்டர் போதும். 34இல் 20 மீட்டர் வேண்டும். நான் அவரைப் பார்த்தது பதினைந்தில். காற்றைப் பிளக்கத் தேவையான சக்தியோ வேகத்தின் கனமாக ஏறுகிறது. அந்த 9 கிலோமீட்டருக்காக மொத்தச் சக்தி சுமார் 190 வாட்டிலிருந்து 400 வாட்டுக்குப் போயிருந்தது. இவ்வளவும் எதற்கு? பன்னிரண்டு கிலோமீட்டர் சவாரியில் ஏழு நிமிடம் மிச்சம். அந்த ஏழு நிமிடத்தில் நான் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இல்லை.

25இல் புனிதம் எதுவும் இல்லை. ஜப்பானில் 24, அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 20 மைல், அதாவது 32. ரோட்டோரம் நிற்கிறவர் சைக்கிளின் உருவத்தைப் பார்த்ததும் மனதில் ஒரு கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்குக்குள் வண்டி அடங்க வேண்டும் என்பதற்காகத்தான் ஒவ்வொரு ஊரும் ஏதோ ஒரு எண்ணைக் குறித்திருக்கிறது. பைக் வந்தால் சத்தம் கேட்கும், பாட்டி நின்றிருப்பார். என் மோட்டாரில் சத்தமும் இல்லை.

இதற்காக வேகமே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஐரோப்பாவில் 45 கிலோமீட்டர் வரை தள்ளும் மின்சார சைக்கிளும் விற்கிறது. வாங்கலாம், ஆனால் நம்பர் பிளேட், இன்சூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் வேண்டும். ஏமாற்றினால்தான் கடுமை. பிரான்சில் 2019இல் வந்த சட்டத்தின்படி சைக்கிள் மோட்டாரின் கட்டுப்பாட்டைக் கழற்றினால் ஒரு வருடம் வரை சிறை, 30,000 யூரோ வரை அபராதம். பாஷ் நிறுவனம் 2020 முதல் தன் மோட்டாருக்குள்ளேயே காவல் வைத்திருக்கிறது. வேகக் கணக்கில் தில்லுமுல்லு தெரிந்தால் வண்டி நொண்டியடிக்கும். மூன்று முறைக்கு மேல் பிடிபட்டால் டீலரிடம் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நம் நாட்டில் என் வண்டி 25ஐத் தாண்டிய நொடியில் பதிவு இல்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. இன்சூரன்ஸ் இல்லாததற்கு முதல்முறை 2,000 ரூபாய், மீறிய மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது.

ஆனால் இந்தச் சட்டம் எல்லார் மேலும் ஒரேமாதிரி விழுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். சென்னையில் மீன்பாடி வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். மிதிக்கிற மூன்று சக்கர வண்டியில் உடைத்துப்போட்ட ஸ்கூட்டரின் எஞ்சினை ஏற்றி ஓட்டுவார்கள். பதிவு கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது. கோர்ட்டும் போலீசும் பலமுறை தடுத்தும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அவர்கள் மாற்றிக்கட்டியது காலும் மூச்சும் விட்டுப்போகாமல் மூட்டை இழுக்க. ஹோண்டா செய்த அதே வேலைதான், அவர்களுக்குக் கம்பெனி ஆகும் வாய்ப்பு மட்டும் கிடைக்கவில்லை. நான் மாற்றியது ஆட்டுக்குட்டி முந்தியதற்காக. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் ரோட்டில் விழுந்து கிடப்பவரின் மகன் கேட்கும் கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: வண்டி நம்பர் என்னது? நம்பர் பிளேட் என்பது அரசாங்கம் வரி வாங்க மாட்டிவிட்ட தகரம் என்றே முப்பது வருடம் நினைத்திருந்தேன். நம்மால் காயப்படப்போகிற, இன்னும் பெயர் தெரியாத ஒருவருக்கு நாம் கொடுத்து வைக்கும் முகவரி அது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் புரிந்தது.

*

அன்று ராத்திரியே சக்கர அளவை 27.5க்கு மாற்றிவிட்டேன். மாற்ற எடுத்துக்கொண்ட நேரம், முன்பு எடுத்த அதே பத்து நொடி.

பாட்டிக்குக் கட்டு பிரித்தபோது மிளகாய்ப் பறிப்பு முடிந்திருந்தது. மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகவே கூடியிருக்கிறது. குடத்தைத் தூக்கினால் வலிக்கிறது என்றார். போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். போனால் காப்பி இல்லாமல் விடமாட்டார். அவர் மகன் என்னிடம் இப்போது சாதாரணமாகப் பேசுகிறார். போன தடவை பேட்டரி ஸ்கூட்டர் வாங்கலாமா என்று யோசனை கேட்டார். நம்பர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கண்ணே என்றேன். சிரித்துக்கொண்டோம்.

அடுத்த மாசியில் அதே ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். 20க்கும் கீழேதான். தூரத்தில் பாட்டி சாக்குப் பையோடு காட்டிலிருந்து ஏறுவது தெரிந்தது. என்னைப் பார்த்தார். ரோட்டோரத்திலேயே நின்றுகொண்டார். நான் பிரேக் பிடித்து, காலை ஊன்றி நிறுத்தி, "கடந்து போங்க பாட்டி" என்றேன்.

அவர் அசையவில்லை. கை உயர்த்தி வழியைக் காட்டினார்.

"நீ மொதல்ல போய்யா" என்றார்.